ஆங்கில இலக்கிய வகுப்பில் ‘குளோஸ் ரீடிங்’ என்கிறார்களே, அது என்ன?

ஒரு கவிதையையோ பத்தியையோ, எழுதியவர் யார் என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, சொல் சொல்லாக நின்று படிப்பதுதான் குளோஸ் ரீடிங். தமிழில் நுண்வாசிப்பு எனலாம்.

இது ஏன் தேவைப்பட்டது? 1920களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை மறைத்துவிட்டு மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்து, தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். வந்த பதில்களை அலசி 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்று நூலாக்கினார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிலேயே பலர் நேர்ப்பொருளைக்கூடத் தவறவிட்டிருந்தார்கள். பெரிய கவிஞர்களுக்கும் நல்ல அடி விழுந்தது! பெயர் தெரிந்திருந்தால் பாராட்டு தானாக வந்திருக்கும். யார் வைத்த ரசம் என்று தெரியாமல் ருசி பார்ப்பது போலத்தான் இது. புளி தூக்கலா, மிளகு குறைவா என்று நாக்குதான் சொல்ல வேண்டும்.

ரிச்சர்ட்ஸ் கொடுத்தவற்றில் ஒன்று, பழைய ஆங்கிலக் கவிஞர் ஜான் டன்னின் கவிதை. உருண்டை உலகின் ‘கற்பனை மூலைகளில்’ எக்காளம் ஊதும்படி தேவதூதர்களை அழைக்கிறார். சரி, உருண்டைக்கு ஏது மூலை? ‘கற்பனை’ என்ற சொல்லில் சற்று நின்றால், பைபிள் சொல்லும் பூமியின் நான்கு மூலைகளும், பூமி உருண்டை என்ற அறிவும் ஒரே வரியில் உரசிக்கொள்வது தெரியும். வேகமாகப் படித்தால் இது கண்ணில் படாது.

அப்புறம், நுண்வாசிப்பு என்றால் வரலாறும் பின்னணியும் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பைபிள் தெரியாவிட்டால் டன்னின் அந்த வரியே பாதிதான் பிடிபடும்.