மனத்தின் அச்சத்தைப் படமாக்குதல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்த ஐந்து உயர்தர மாணவர்கள். பாடசாலை ஊடகக் கழகத்துக்காகப் பத்து நிமிட உளவியல் த்ரில்லர் குறும்படம் ஒன்றை எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். அம்மம்மாவின் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு பெண் இரவில் பின்கதவு திறக்கும் சத்தத்தைக் கேட்கிறாள். மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பிவந்த ஒருவன் கத்தியுடன் நிற்பதைக் கடைசியில் காண்கிறாள். கதை நன்றாக இருக்கிறது, முடிவுதான் ஒட்டவில்லை என்கிறார் எங்கள் ஆசிரியர். பிழை எங்கே?

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வது சரி. படத்தின் முதல் ஒன்பது நிமிடங்களும் அந்தப் பெண்ணின் மனத்துக்குள் நடக்கின்றன. கடைசி நிமிடம் மட்டும் அவளோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் அந்நியனுக்குப் போய்விடுகிறது. கத்தியோடு நிற்பவனை எடுத்துவிட்டு அங்கே ஒரு திருடனை நிறுத்தினாலும் கதை மாறப்போவதில்லை என்றால், அது உளவியல் கதை ஆகாது. திரைக்கதையின் முதல் வரியை எழுதுமுன் இரண்டு விடயங்களை ஐவரும் பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: இந்தக் கதையை யாருடைய மனத்தின் வழியாகப் பார்க்கிறோம் என்பது ஒன்று, அந்த மனம் எதைத் தவறாக நம்புகிறது, அல்லது எதை நினைவுகூர மறுக்கிறது என்பது மற்றது. இந்த இரண்டும் தெளிவாகாத வரையில் கமராவைத் தொடாதீர்கள்.

தப்பிவந்த மனநோயாளி என்ற பாத்திரத்தை அறவே கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். உளநோயுள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம். போரையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையையும் கண்ட மாவட்டம் நம்முடையது. உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள், உங்கள் படத்தைப் பார்க்க மண்டபத்துக்கு வருபவர்களிலும் இருப்பார்கள். அவர்களைப் பூதமாகக் காட்டி எடுக்கும் அச்சம் மலிவானது.

உங்கள் கதையிலுள்ள பின்கதவை வைத்தே யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் படுக்கப்போகுமுன் அவள் தாழ்ப்பாளைப் போடுகிறாள். காலையில் அது திறந்திருக்கிறது. பக்கத்து அறையில் வாடகைக்கு இருப்பவர்மேல் சந்தேகம் கொள்கிறாள், பிறகு அம்மம்மாவின்மேலும் கொள்கிறாள். உண்மையில், தன்னை அறியாமல் உறக்கத்தில் எழுந்து கதவைத் திறப்பவள் அவளேதான். இரவில் பிந்தி வரும் அண்ணனுக்கு, அப்பா அறியாமல் எழுந்து கதவைத் திறந்துவிடுவது அவளுடைய வழக்கமாக இருந்தது. ஓர் இரவு அவள் அயர்ந்து உறங்கிவிட, பூட்டிய கதவிலிருந்து திரும்பிப்போன அண்ணன் பின்னர் வீடு வரவேயில்லை. இப்படி அமைத்தால் அச்சமும் துயரமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கும். இதையே எடுங்கள் என்று சொல்லவில்லை. முடிவு, தொடக்கத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

த்ரில்லர் படங்களுக்குப் பெயர்பெற்ற இயக்குநர் அல்பிரட் ஹிட்ச்கொக் திகைப்புக்கும் பதைபதைப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டைக் கொண்டு விளக்கியிருக்கிறார்: பார்வையாளருக்குத் தெரியாமல் அது வெடித்தால் பதினைந்து வினாடி அதிர்ச்சி கிடைக்கும், குண்டு இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டால், மேசையைச் சுற்றி நடக்கும் சாதாரணப் பேச்சே பதினைந்து நிமிடப் பதைபதைப்பாகும். ஆகவே உங்கள் படத்தில் எதை மறைப்பது என்பதைவிட, எதை எப்போது காட்டுவது என்பதே பெரிய கேள்வி. அவளுடைய பாதத்தில் ஒட்டியிருக்கும் ஈரமணலைப் பார்வையாளர் மூன்றாம் நிமிடத்திலேயே காணட்டும்; அவள் அதைத் துடைத்துவிட்டு யோசிக்காமல் நடக்கட்டும். பார்வையாளர் அவளைவிட ஓர் அடி முன்னே சென்று, தாம் ஊகித்தது பொய்யாக வேண்டுமே என்று ஏங்கும்போதுதான் இந்த வகைப் படம் உயிர்பெறுகிறது.

கேள்வி: எங்கள் திரைக்கதை பதினான்கு பக்கம் வந்துவிட்டது. ஒரு சனி, ஞாயிறில் எடுத்து முடிக்கலாமா? (மாணவர், கிண்ணியா)

பதில்: முடியாது. வழக்கமான திரைக்கதை அமைப்பில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படமாகும் என்பது பொதுக் கணக்கு. அனுபவமில்லாத குழு ஒரு நாளில் மூன்று, நான்கு பக்கங்களை எடுத்தாலே நல்ல வேலை. எட்டுப் பக்கமாகக் குறையுங்கள். குறைக்கும்போது முதலில் வெட்ட வேண்டியவை, பாத்திரங்கள் தம் மனநிலையைத் தாமே எடுத்துச்சொல்லும் வசனங்கள். கதை வரிசையில் எடுக்காமல் இடவரிசையில் எடுங்கள்: குசினிக் காட்சிகள் எல்லாவற்றையும் ஒருசேர எடுத்துவிட்டுத்தான் விறாந்தைக்குப் போக வேண்டும். அப்படி எடுக்கையில் உடை, தலைமுடி, கதவின் தாழ்ப்பாள் இருந்த நிலை ஆகியவற்றை ஒருவர் ஒவ்வொரு ஷொட்டின் (கமராவை நிறுத்தாமல் எடுக்கும் ஒரு துண்டின்) பின்பும் படம்பிடித்துக் குறித்துவைக்க வேண்டும். இந்த வகைப் படத்தில் அது மற்றப் படங்களைவிட முக்கியம். ஏனெனில் பார்வையாளர் தடயம் தேடிக்கொண்டிருப்பார்கள், உங்கள் கவனக்குறைவால் இடம்மாறிய ஒரு கோப்பையையும் தடயமென்றே எண்ணிவிடுவார்கள்.

கேள்வி: இறுதிக்காட்சியைக் கோணேசர் கோயில் மலை உச்சியில், இராவணன் வெட்டுப் பக்கம், இரவில் ட்ரோனும் வைத்து எடுக்க ஆசைப்படுகிறோம். (மாணவர் குழு, உவர்மலை)

பதில்: அங்கே போகும் வழியே பிரெட்ரிக் கோட்டையின் ஊடாகத்தான், கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. கோயிலோ வழிபாட்டுத் தலம். துறைமுகத்தில் கடற்படைத் தளமும், சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. ட்ரோன் பறக்கவிடுவதைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை கட்டுப்படுத்துகிறது. இந்த நகரில் அனுமதியின்றி அதை மேலே விடுவது உங்களையும் பாடசாலையையும் வீண் விசாரணைக்கு உள்ளாக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, செங்குத்தான பாறை விளிம்பில் இருட்டில் மாணவரை நிறுத்துவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

ஆனால், அனுமதி கிடைத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். எல்லோரும் அறிந்த அழகிய காட்சி ஒன்று திரையில் வந்தவுடன் பார்வையாளர் அந்தப் பாத்திரத்தின் மனத்தை விட்டு வெளியே வந்து ஊரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். திருகோணமலையை வேறு வழியில் படத்துக்குள் கொண்டுவரலாம். ஒக்டோபருக்குப் பின் வரும் வடகீழ்ப் பருவ மழையும் காற்றும் சன்னலை அசைக்கும் விதம், கண்ணுக்குப் படாமல் காதுக்கு மட்டும் கேட்கும் கடல், நகரத்துத் தெருக்களில் அச்சமின்றித் திரியும் புள்ளிமான்கள் ஆகியவை போதும். இரவில் படலைக்கு அப்பால் இரண்டு கண்கள் ஒளிர்வதாக உங்கள் கதையின் முதன்மைப் பாத்திரம் காண்பது மானாக இருக்கலாம்; வேறு எந்த ஊர்க் கதையிலும் அது இவ்வளவு இயல்பாக அமையாது. மாலை மங்கலில் எடுப்பதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: நம் பகுதியில் சூரியன் மறைந்தபின் பயன்படக்கூடிய நீலவெளிச்சம் இருபது நிமிடம் அளவே நிற்கும். ஒத்திகையை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

கேள்வி: கைத்தொலைபேசியில் எடுத்த இரவுக் காட்சிகள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன, மின்குமிழ் எரியும்போது படத்தில் கோடுகள் ஓடுகின்றன. (மாணவி, நிலாவெளி)

பதில்: கோடுகளுக்குக் காரணம், நமது மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுகளாக வருவதும், மின்குமிழ் அதற்கேற்பத் துடிப்பதும். வினாடிக்கு 25 பிரேம் (தனிப்படம்) என்றும், ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை, 1/50 வினாடி என்றும் கையால் அமைக்கக்கூடிய செயலியைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும்; மறையாவிட்டால் அந்தக் குமிழை மாற்றுங்கள், மலிவான சில எல்.ஈ.டி. குமிழ்கள் எப்படியும் துடிக்கும். ஒளியளவையும் குவியத்தையும் பூட்டிவைக்க மறக்காதீர்கள். நடிகை அசையும்போதெல்லாம் படம் தானாக வெளிச்சமாகி மங்கினால் அச்சம் கலைந்துவிடும்.

புள்ளிகள் வருவது வெளிச்சப் போதாமையால். இருட்டை இருட்டிலே எடுக்க முடியாது என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. முகத்தின் ஒரு பக்கத்தில் மேசை விளக்கின் வெளிச்சம் நன்றாகப் படட்டும், அறையின் மிகுதியை இருளில் விடுங்கள். அதைவிடச் சிறந்த வழி, சன்னல்களையும் கூரை இடுக்குகளையும் தடித்த கறுப்புத் துணியால் மூடி, இரவுக் காட்சியைப் பகலிலேயே எடுப்பது. மாணவிகள் இருட்டுமுன் வீடு திரும்பலாம், பெற்றோரும் மறுக்கமாட்டார்கள்.

கேள்வி: என் பதினாறு வயது மகள் இப்படியொரு படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்றிருக்கிறாள். அழுகை இயல்பாக வர, இறந்துபோன தன் அப்பப்பாவை நினைக்கும்படி இயக்கும் மாணவர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பிள்ளை சரியாக உறங்குவதில்லை. (தாய், திருகோணமலை நகர்)

பதில்: அம்மா, அந்த முறையை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், மகளும் மறுத்துவிடலாம் என்பதை அவளுக்குச் சொல்லிவையுங்கள். உறக்கமின்மை நீடித்தால் பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ பேசுவது நல்லது.

இயக்கும் மாணவருக்கும் சொல்கிறேன். சொந்தத் துயரத்தைத் தோண்டியெடுக்காமலே உங்களுக்கு வேண்டியது கிடைக்கும். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும் ஒருமுறை சவப்பெட்டியோடும் இணைத்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டார்கள் என்று கூறப்படுகிறது. முகத்துக்கு அடுத்து வரும் ஷொட்டே முகத்துக்குப் பொருள் தருகிறது. ஆகவே, அழச் சொல்லாதீர்கள். உதாரணமாக, ஒரு கதவின் தாழ்ப்பாளைப் போடச் சொல்லுங்கள், போட்டபின் அதை இன்னொரு முறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செய்யத்தக்க ஒரு செயலைக் கொடுத்தால் பதினாறு வயதுப் பிள்ளை அதை அழகாகச் செய்யும், வீட்டுக்கு வந்து நிம்மதியாக உறங்கும்.

கேள்வி: பிரபலமான ஒரு தமிழ்த் திரைப்படத்தின் பின்னணி இசையைப் போடலாமா? (மாணவர், மூதூர்)

பதில்: உரிமை பெறாமல் போடக்கூடாது, யூடியூபில் ஏற்றினால் தடுக்கப்படவும் கூடும். இசை இல்லாமலே முதலில் தொகுத்துப் பாருங்கள். வசனத்துக்கு இரண்டாவது கைத்தொலைபேசி ஒன்றைப் படத்தில் தெரியாதபடி, நடிகருக்கு மிக அருகில் வைத்துப் பதியுங்கள். ஒவ்வொரு ஷொட்டின் தொடக்கத்திலும் ஒருமுறை கைதட்டினால் படத்தையும் ஒலியையும் பொருத்துவது எளிது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வோர் அறையிலும் அனைவரும் பேசாமல் நின்று முப்பது வினாடி வெறும் அறையின் ஒலியைப் பதிந்துகொண்டால், வெட்டுகளுக்கு இடையே ஒலி அறுந்துவிழாது. கதைக்கு முக்கியமான சத்தத்தை, உதாரணமாக ஒரு தாழ்ப்பாளின் சத்தத்தை, தனியே, மிக அருகில், பல வேகங்களில் பதியுங்கள். உங்கள் படத்துக்கு அதைவிட நல்ல இசை கிடைக்காது.

கேள்வி: தொகுத்து முடித்துவிட்டோம். எங்களுக்கு எல்லாம் விளங்குகிறது. மற்றவர்களுக்கு விளங்குமா என்பதுதான் தெரியவில்லை. (மாணவர் குழு, தம்பலகாமம்)

பதில்: கதையை அறியாத மூன்று பேரைத் தனித்தனியே அழைத்துக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். முகத்தாட்சணியத்துக்காக ஆம் என்பார்கள். எந்த இடத்தில் யார்மேல் சந்தேகம் வந்தது, அது எப்போது மாறியது என்று மட்டும் கேட்டு, நிமிடத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். மூவரும் மிக முன்னதாகவே முடிவைச் சொல்லிவிட்டால் ஒரு தடயத்தை நீக்குங்கள். முடிந்த பின்பும் மூவருக்கும் விளங்கவில்லை என்றால், விளக்க வசனம் சேர்க்காமல், ஏற்கெனவே உள்ள தடயமொன்றின் ஷொட்டை இரண்டு வினாடி நீட்டிவிட்டு, படத்தைப் பார்க்காத வேறு ஒருவரிடம் காட்டுங்கள்.