மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்பது உண்மையா?

நான் மட்டக்களப்புக்காரன். வேலைக்காக வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறேன். ஊர் பேரைச் சொன்னால் போதும், கொழும்பில் அடுத்து வருவது இந்த வசனம்தான்: "ஐயோ, பாயோட ஒட்ட வச்சிடுவீங்களே!" தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெளியூர் ஆண் யாராவது எங்கள் பக்கம் போனால், மருந்தோ மந்திரமோ போட்டு ஊர் திரும்ப விடாமல் பிடித்து வைத்துவிடுவார்களாம். பகிடிக்குச் சொல்கிறார்கள், சரி. ஆனால் அந்தப் பகிடி எங்கள் ஊர்ப் பெண்களின் தலையில் போய் விழுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. எனக்கு எரிச்சல் அதில்தான்.

வந்து தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, உத்தியோகமாக வந்தவர்கள், படிப்பிக்க வந்தவர்கள், கடை போட வந்தவர்கள். என் கணக்கில் காரணம் மந்திரம் இல்லை, வீடு. எங்கள் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழியில் வரும். வீடு மகளுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மகளுக்கு வீட்டை விட்டுவிட்டு, அதே வளவுக்குள் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்கும் தாய் தகப்பனும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அங்கே பெண் எடுப்பது பெரும்பாலும் உள்ளூரில் அல்லது பக்கத்து ஊரில், அம்மா வீட்டுக்குச் சைக்கிளில் போய் வரலாம். இங்கே வந்தவருக்கு ஊர் ஒரு நாள் பயணம். மனைவி பேரில் வீடு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல், வாவியில் மீன், பட்டியில் எருமை. பிறகு எந்த மடையன் திரும்பிப் போவான்? ஊரில் காத்திருந்த அம்மாவுக்கு இதை ஒத்துக்கொள்ள மனம் வராது. "மருந்து போட்டுட்டாளவை" என்றால் கதை முடிந்தது.

படிப்பு வராத சனம் என்றும் ஒரு நக்கல் உண்டு. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தொடங்கியது 1814இல். கொழும்பில் இருந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1943இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக எடுத்தது காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளை. அதற்கு முன்பே, 1931இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் அவர். (காரைதீவு அம்பாறை அல்லவா என்று வர வேண்டாம். அம்பாறை மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதே 1961இல்தான்.)

குறை இல்லாத ஊர் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஆட்கள் "இந்தா வாறன்" என்றால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுக் காத்திருக்கலாம். அதற்கு நக்கலடித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அலுவலகத்தில் இந்தப் பாய்க் கதையை ஓயாமல் சொல்லும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான் லீவு போட்டால் முதலில் அவருக்குத்தான் தெரியும்: "தம்பி, தயிர் மறந்துடாதீங்க." சட்டி வாயைப் பேப்பரால் மூடி, சணல் கயிறு கட்டி, இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். கல்லோயாச் சந்தியில் ரயில் ஒரு உலுக்கு உலுக்கினால் காற்சட்டை நனையும். அவருக்கு என்ன, கரண்டியோடு காத்திருப்பார்.

என் மச்சான் ஒருவர் இதே கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பெண் எடுத்து மாமியார் வீட்டிலேயே தங்கிவிட்டார். ஊர்ப் பக்கம் தீபாவளிக்குக்கூட வருவதில்லை. கொட்டாஞ்சேனைக்காரர்கள் அவருக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.