ஒரே நாளில் மூன்று பினீசிய நகரங்களா?

கேள்வி: அலுவலக வேலையாக பெய்ரூட் போகிறேன். ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். ‘பிப்லோஸ், சீதோன், தீரு: பண்டைய பினீசியா ஒரே நாளில்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். வண்டி, வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கட்டணம். விவிலியத்தில் படித்த தீருவையும் சீதோனையும் பார்ப்பது நெடுநாள் ஆசை. பணம் கட்டலாமா? (மதுரை வாசகர்)

பதில்: பிப்லோஸை வெட்டிவிடச் சொல்லுங்கள். சம்மதித்தால் கட்டுங்கள்.

மூன்றும் பண்டைய கடல் வணிகர்களான பினீசியரின் ஊர்கள், இன்றைய லெபனான் கரையில். தலைநகர் பெய்ரூட்டுக்கு வடக்கே சுமார் 40 கி.மீ.யில் பிப்லோஸ். தெற்கே கிட்டத்தட்ட அதே தூரத்தில் சீதோன். அதையும் தாண்டி இன்னொரு 40 கி.மீ. போனால் தீரு. வடக்கே போய்த் திரும்பி, பெய்ரூட்டைக் கடந்து, தெற்கே போய் மறுபடி வந்தால் 240 கி.மீ. கேட்கச் சின்னக் கணக்குதான். ஆனால் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய கரையில் ஓடும் சாலை அது. ஜூனியே வளைகுடாப் பக்கம் காலையிலும் மாலையிலும் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஐந்தாறு மணி நேரம் இருக்கையிலேயே போய்விடும். மதியம் மெஸ்ஸே என்று சின்னச் சின்னத் தட்டுகளாக வந்துகொண்டே இருக்கும். அதற்கு ஒன்றரை மணி நேரம். மிச்சத்தை மூன்று ஊருக்குப் பங்கு போட்டால் ஊருக்கு ஒரு மணி நேரம் தேறினாலே அதிகம்.

அடுத்தது அந்தப் ‘பண்டைய பினீசியா’. விளம்பரப் படங்களில் வழக்கமாக வரும் சீதோன் கடற்கோட்டை, 13ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர் வீரர்கள் கட்டியது. தீருவின் தூண் வரிசையும் வளைவும் ரோமானியர் காலத்தவை. சீதோன் கடைத்தெருவை ஒட்டிய பெரிய சத்திரம் உதுமானியருடையது. எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் பினீசியர் கையால் வைத்த கல்லைத் தொட வேண்டுமானால் சீதோனுக்கு இரண்டு மூன்று கி.மீ. முன்னால், அவ்வாலி ஆற்றங்கரைத் தோட்டங்களுக்குள் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். அங்கேதான் எஷ்முன் கோயில். எஷ்முன் நோய் தீர்க்கும் தெய்வம்; அதனால் கோயில் முழுக்கத் தண்ணீர் வாய்க்கால், தொட்டி. மலைச்சரிவை அணைத்து அடுக்கிய பெரிய கற்களாலான மேடை கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கீழே ஒரு தொட்டிக்குள் அஸ்தார்த்தே தேவிக்கான வெற்றுச் சிங்காசனம். இரு பக்கமும் சிறகு முளைத்த ஸ்பிங்க்ஸ்கள், தலை உடைந்த நிலையில். கூட்டமும் கடைகளும் இல்லாத இடம் என்பதால் பல பயணத் திட்டங்களில் இது விடுபட்டுப்போகிறது. மாலையில் பார்க்கலாம் என்று வைத்தால் அலுப்பில் எல்லோரும் ‘விட்டுவிடலாம்’ என்பார்கள், அல்லது கதவு சாத்தியிருக்கும். ஆகவே காலை ஏழரைக்குப் புறப்பட்டு முதல் வேலையாக இங்கே வாருங்கள். முக்கால் மணி நேரம் போதும்.

அங்கிருந்து சீதோனில் நிற்காமல் நேரே தீரு. வழியில் சரஃபந்த் என்று பலகை வரும். எலியா தீர்க்கதரிசி போன சாறிபாத் இதுதான். 1969 முதல் அமெரிக்க அகழாய்வாளர் ஜேம்ஸ் பிரிச்சர்ட் இங்கே தோண்டியபோது பினீசியக் குயவர்களின் சூளைகள் கிடைத்தன.

தீருவில் தோண்டிய இடங்கள் இரண்டு: அல்-பாஸ், அல்-மினா. ஒன்றை மட்டும் காட்டிவிட்டு நகர்வது வழக்கமான ஏமாற்று, முன்பே கேட்டு வையுங்கள். அல்-பாஸில் ரோமானியக் கல்லறைத் தெருவும், சுமார் 480 மீட்டர் நீளத் தேரோட்ட மைதானமும் உண்டு. நிழல் என்பதே கிடையாது; பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். இங்கிருந்து அல்-மினாவுக்கு வண்டி ஏறுவீர்கள். அந்த ஐந்து நிமிடப் பயணத்தில்தான் ஊரின் பெரிய கதை இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். தீரு அன்று தீவு. கி.மு. 332இல் அலெக்சாந்தர் அதை ஏழு மாதம் முற்றுகையிட்டார். அந்த முற்றுகையின்போதுதான், கடலைத் தாண்ட வேறு வழியில்லாமல், எதிர்க்கரையில் இருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கல்லையும் மரத்தையும் கொட்டிக் கடலுக்குள் பாதை போட்டார். பாதையின் இருபுறமும் மணல் ஒதுங்கி ஒதுங்கி, தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. இன்று அதன்மேல் கடைகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. உங்கள் வண்டி ஓடுவதும் அதன்மேல்தான்.

அல்-மினா பழைய தீவு நகரம். விவிலியத்தில் வரும் தீரு மன்னர் ஈராமின் ஊரைத் தேடாதீர்கள். அது ரோமானிய, பைசாந்தியத் தரைகளுக்கு அடியில் ஆழத்தில் கிடக்கிறது. பினீசியக் காலத்திலிருந்து இன்றுவரை தொழில் மாறாமல் இருப்பது வடக்குத் துறைமுகம். இப்போது மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது சீதோன். கடற்கோட்டைச் சுவரில் வட்ட வட்டமாகக் கல் முனைகள் தெரியும். அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். ரோமானியத் தூண்களைப் படுக்கவைத்துச் சுவருக்குக் குறுக்கே செருகியிருக்கிறார்கள். அலை அறையும்போது சுவர் பிளக்காமல் அவை பிடித்துக்கொள்ளும். பிறகு கடைத்தெரு, சோப்பு அருங்காட்சியகம். மசூதிக்குள் போவதானால் முழங்கால், தோள் மூடிய உடை வேண்டும். மக்தூஷே மாதா குகையையும் சேர்க்கிறேன் என்பார் வழிகாட்டி. வேண்டுதல் இருந்தால் போங்கள். ஒரு மணி நேரம் போகும் என்று தெரிந்தே போங்கள்.

எழுத்தின் வரலாற்றில் ஆர்வம் என்றால் மட்டும் தெற்கை விட்டு வடக்கே பிப்லோஸ் போகலாம். அங்கே பிப்லோஸின் பண்டைய மன்னர் அகிராமின் கல்லறைக் குழி இருக்கிறது. 1923இல் எடுத்த கற்பேழையும், அதன் விளிம்பில் வெட்டிய பினீசிய எழுத்தும் பெய்ரூட் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. குழி, பேழை இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் பயணம் முழுமை. அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

இனி, பணம் கட்டும் முன். தீரு நாட்டின் தெற்குக் கோடியில், இஸ்ரேல் எல்லைக்கு அருகே உள்ளது. 2024 இலையுதிர்காலத்தில் ஊருக்குள்ளேயே குண்டு விழுந்தது. நமது வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுறுத்தலைப் புறப்படும் வாரத்தில் பாருங்கள். ‘வேண்டாம்’ என்றிருந்தால் பேச்சே இல்லை, பிப்லோஸ்தான். புனித நாட்டுப் பயணம் போய்வந்து, பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் சென்ற அடையாளம் இருந்தால் லெபனானுக்குள்ளேயே விட மாட்டார்கள். சில்லறை டாலர் நோட்டுகள் கையில் இருக்கட்டும். நுழைவுக் கட்டணம் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். ஓட்டுநரிடம் சைதா, சூர், ஜுபைல் என்று சொன்னால்தான் புரியும். அவை முறையே சீதோன், தீரு, பிப்லோஸ்.

வழியில் யாராவது ‘அசல் பினீசிய ஊதா’ என்று துப்பட்டா விற்க வந்தால் சிரித்துவிட்டு நடங்கள். அந்தச் சாயம் முரெக்ஸ் என்ற கடல் நத்தையிலிருந்து வருவது. 1909இல் ஒரு ஜெர்மன் வேதியியலர் 12,000 நத்தைகளை உடைத்து எடுத்த சாயம் 1.4 கிராம். சீதோனில் வாங்கத் தகுந்தது ஆலிவ் எண்ணெய் சோப்பு.