டாக்டரிடம் சொல்லாதது

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரைகளை ஆறேழு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு 28 வயது. பகலில் ஒரு வேலை, நான்கு மாதமாக இரவில் ஓர் ஒப்பந்த வேலை. கடன் இருப்பதால் இரண்டையும் விட முடியாது. தூக்கம் நாலு மணி நேரம், சில நாள் அதுவும் இல்லை. முதலில் காபியிலேயே ஓட்டினேன். நாளுக்கு ஐந்து, ஆறு என்று ஏறியது. கடைசிக் காபி இரவு பதினொன்றுக்கு. பிறகு ஒரு நண்பன், கவனக்குறைபாட்டுக்காகத் தனக்கு எழுதிக்கொடுத்திருந்த மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையில் ஓர் அட்டையைத் தந்தான். முதல் வாரம் அற்புதமாக இருந்தது.

ஒரு மாதமாக உடம்பு பயமுறுத்துகிறது. நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது ‘திம்’ என்று இடிக்கிறது. விரல் நுனி சில்லிட்டு வெளுக்கிறது. கண் சொருகும் நேரத்தில் உடம்பு தூக்கிப்போட்டு எழுப்பிவிடுகிறது. இதயம் நின்று மறுபடி ஓடியதோ என்று கழுத்தில் விரல் வைத்து விடியும் வரை நாடி எண்ணுகிறேன். டாக்டரிடம் போனேன், ஈசிஜி எடுத்து நார்மல் என்றார். மாத்திரை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

இதயத்தை நிரந்தரமாகக் கெடுத்துக்கொண்டேனா? இழந்த தூக்கத்தைத் திருப்பிப் பெற முடியுமா? மாத்திரை போட்டால் வேலை நன்றாகவே ஓடுகிறது, அளவைக் குறைத்துத் தொடரலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரம் அதிகாலை 3.52. அதைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

நான் டாக்டர் இல்லை. இந்தப் பள்ளத்தில் ஒருமுறை விழுந்து எழுந்தவன், எழுந்த பிறகு அதைப் பற்றிக் கொஞ்சம் படித்தவன், அவ்வளவுதான். ஆகவே முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத எனக்கு மாத்திரையின் பெயர் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்டெதஸ்கோப்போடு எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் வாயே திறக்கவில்லை. இந்த வாரமே அவரிடம் திரும்பிப் போய் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். இடையில் நெஞ்சுவலி, மயக்கம் போட்டு விழுவது, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கையோ முகமோ இழுப்பது, யாரும் இல்லாமலே குரல் கேட்பது, இதில் எது வந்தாலும் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்க எனக்குத் தகுதி கிடையாது. சில வருடம் முன்பு ஒரு நாவலை முடித்துக் கொடுக்கத் தேதி குறித்துவிட்டு இருபத்திரண்டு இரவுகள் உட்கார்ந்தேன். காபி, அதற்கு மேல் காஃபின் மாத்திரை. ஓர் இரவு நாலு மணிக்கு எழுதிய ஓர் அத்தியாயத்தைப் படித்து நானே கண் கலங்கினேன், இப்படி ஒன்றை இதுவரை எழுதியதில்லை என்று. மறுநாள் மத்தியானம் எடுத்துப் பார்த்தால் ஒரே வாக்கியம் வேறு வேறு சொற்களில் மூன்று முறை வந்திருந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் செத்து, காரியமெல்லாம் முடிந்த மாமனார், பதினொன்றாம் அத்தியாயத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில்தான் எனக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பார்க்கப் போன டாக்டர் பி.பி. கூடியிருக்கிறதே, காபி எத்தனை குடிப்பீர்கள் என்று கேட்டார். “ரெண்டு” என்றேன். அன்று அவரைப் பார்க்க வரும் முன்பே நாலு ஆகியிருந்தது. மாத்திரை டப்பாவைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்தடுத்து இரண்டு தடவை அளந்து பார்த்தும் குறையவில்லை என்பதால் பி.பி.க்கு மருந்து எழுதிக்கொடுத்தார். இரண்டு மாதம் நான் விழுங்கியது என் பொய்க்கான மாத்திரை. உண்மையைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “முதல்லயே சொல்லியிருந்தா உங்களுக்குக் காசு மிச்சம்” என்றார்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் அதற்குள் ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ‘வேலை நன்றாகவே ஓடுகிறது’ என்கிறீர்கள். யார் சொன்னது? நீங்கள்தான். நாலு மணி நேரம் தூங்கும் மூளை தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட மதிப்பெண் அது. 2003ல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று உண்டு. ஆரோக்கியமானவர்களைப் பிரித்துச் சிலரை எட்டு மணி நேரம், சிலரை ஆறு, சிலரை நாலு என்று பதினான்கு நாட்கள் தூங்கவைத்தார்கள். நாலும் ஆறும் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. கடைசியில் ஓரிரண்டு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்று கேட்டால், முதல் சில நாட்கள் அசதியாக இருக்கிறது என்றவர்கள் அதற்குப் பிறகு பெரிய மாற்றம் ஒன்றும் சொல்லவில்லை. பழகிவிட்டது என்று நினைத்தார்கள். பழகியது அசதி. திறமை சரிந்துகொண்டேதான் இருந்தது.

அளக்கிற கோலே வளைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு ‘வேலை சரியாக ஓடுகிறது’ என்றும் அளக்கிறீர்கள், ‘இதயம் கெட்டுவிட்டது’ என்றும் அளக்கிறீர்கள். நான் இரண்டையும் நம்பத் தயாரில்லை.

காபி என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்கான இருக்கைகளில் போய் உட்கார உட்காரக் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். காஃபின் பார்ப்பதற்கு அதே சாயல் உள்ள மூலக்கூறு. முந்திக்கொண்டு போய் அந்த இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுகிறது. அடினோசின் எங்கும் போய்விடுவதில்லை. நின்றபடியே கூட்டமாகச் சேர்ந்துகொண்டிருக்கும். துண்டு விலகியதும் மொத்தமாக வந்து உட்காரும். தூக்கத்தை விரட்டினேன் என்று சொல்கிறோமே, விரட்டவெல்லாம் இல்லை, வாசலில் நிற்கவைத்திருக்கிறோம். காஃபினின் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். பதினொன்று மணிக் காபியில் பாதி நாலு மணிக்கு உங்களோடு விழித்திருக்கிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தாலே தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது என்று 2013ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாள் முழுவதற்குமான உச்ச வரம்பாகச் சொல்லப்படுவதே அந்த 400தான்.

மெத்தில்ஃபெனிடேட்டின் வழி வேறு. டோபமின், நோரட்ரினலின் என்ற மூளை ரசாயனங்கள் இரண்டும் நரம்பு முனைக்குள் திரும்பிப் போவதை அது தடுக்கிறது. கவனக்குறைபாடு உள்ளவருக்கு அது நல்ல மருந்து. 1944ல் அதை உருவாக்கிய லியாண்ட்ரோ பனிஸோன், அதை எடுத்துக்கொண்டு டென்னிஸ் ஆடிய தன் மனைவி ரீட்டாவின் பெயரால்தான் அதற்கு ரிட்டலின் என்ற விற்பனைப் பெயரை வைத்தார் என்பார்கள். அப்படிச் செல்லமாகப் பிறந்த மருந்துதான், ஆனால் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றும். அதனால்தான் எழுதிக்கொடுக்கும் முன் நாடி, அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள், பிறகும் அவ்வப்போது பார்ப்பார்கள். உங்கள் நண்பனுக்கு அதெல்லாம் நடந்திருக்கும். உங்களுக்கு நடக்கவில்லை. அளவைக் குறைத்துத் தொடரலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். (இதைப் படிக்கும் வேறு யாராவது தங்களுக்கென்று எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்தைச் சாப்பிடுகிறவர்களாக இருந்தால், என் பேச்சைக் கேட்டு நிறுத்திவிட வேண்டாம்.)

விழித்திருப்பதற்கு மேல் மருந்தையும் ஏற்றினால் எதுவரை போகலாம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1959 ஜனவரியில் பீட்டர் ட்ரிப் என்ற வானொலி அறிவிப்பாளர், நன்கொடை திரட்டுவதற்காக நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து 201 மணி நேரம் தூங்காமல் இருந்தார். கடைசிப் பகுதியில் அவரை விழிக்கவைக்க ஊக்கமருந்து கொடுத்தார்கள். இல்லாத பூச்சிகள் கண்ணில் தெரிந்தன. தன்னைப் பரிசோதிக்க வந்த டாக்டரைப் பிணம் எடுத்துப்போக வந்தவர் என்று நினைத்துப் பயந்து ஓடினார். ஆனால் தினமும் தன் நிகழ்ச்சி நேரம் வந்தால் மைக் முன்னால் உட்கார்ந்து ஓரளவு ஒழுங்காகவே பேசியிருக்கிறார். உங்கள் ‘வேலை நன்றாகவே ஓடுகிறது’ என்ற வரியைப் படித்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

இனி உங்கள் நெஞ்சு. விட்டுப்போய் ‘திம்’ என்று இடிப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: ஒரு துடிப்பு முறைக்கு முன்பே அவசரப்பட்டு வந்துவிடும், அது பலவீனமாக இருப்பதால் தெரியாது. அதை அடுத்து ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் இதயத்தில் ரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக இடிக்கும். நல்ல இதயம் உள்ளவர்களுக்கும் இது சகஜம். தூக்கக் குறைவு, பதற்றம், ஊக்கமருந்து மூன்றும் அதைக் கூட்டும். உங்களிடம் மூன்றும் இருக்கின்றன. விரல் நுனி சில்லிட்டு வெளுப்பது அந்த மாத்திரையின் அறியப்பட்ட பக்கவிளைவு, ரத்தக்குழாய் சுருங்குவதால் வருவது. இதை டாக்டரிடம் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். தூங்கப் போகும்போது உடம்பு தூக்கிப்போடுவது தசை வெட்டிழுப்பு, இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூக்கம் கெட்டவர்களுக்கு அடிக்கடி வரும்.

நிரந்தரமாகக் கெட்டுவிட்டதா என்றால், உங்கள் வயதில், இத்தனை குறுகிய காலத்தில், அதற்கான வாய்ப்பு குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பதற்கும் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சாதாரண ஈசிஜி பதிவது பத்து வினாடி. அந்தப் பத்து வினாடி நார்மல். மாத்திரையைப் பற்றித் தெரிந்தால் 24 மணி நேரம் உடம்பில் மாட்டிவிடும் ஹோல்டர் கருவி தேவையா, தைராய்டு பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். கழுத்தில் வைத்த உங்கள் விரல் முடிவு செய்யக் கூடாது. பயந்துகொண்டே நாடி எண்ணினால் எண்ண எண்ண அது ஏறத்தான் செய்யும்.

உங்கள் இதயத்தைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. நீங்கள் வண்டி ஓட்டுபவரா என்று எழுதவில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் கையைப் போல இயங்குகிறது என்று 1997லேயே காட்டியிருக்கிறார்கள். பல நாடுகளில் அந்த அளவுக்கு அபராதம் உண்டு. இரவு வேலை முடிந்து நீங்களாக ஓட்டிக்கொண்டு வருவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

இழந்த தூக்கத்தை மணிக்கு மணி திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 1964ல் 264 மணி நேரம் விழித்திருந்த ராண்டி கார்ட்னர் என்ற பள்ளி மாணவன், முடிந்ததும் தூங்கியது சுமார் 14 மணி நேரம்தான். உடம்பு ஆழ்ந்த தூக்கத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சரியாகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், சில வாரம் ஆகலாம். எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். காபியை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், முதலில் இரவுக் காபியை வெட்டுங்கள், பிறகு ஒவ்வொன்றாக. ஒரேயடியாக விட்டால் ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பித்து ஒரு வாரத்துக்கு மேலும் நீளலாம். உங்களை இப்போது எனக்குத் தெரியும், உடனே மூளைக்கட்டி என்று தேட உட்கார்ந்துவிடுவீர்கள்.

மாத்திரையை விடும்போது சில நாள் மனம் தரையோடு தரையாகக் கிடக்கலாம். அது மாத்திரை போவதன் பின்விளைவு, ஆனாலும் தனியாக இருக்காதீர்கள். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

கடனைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் வேர் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு என்னிடம் வழி இல்லை. நாலு மணி நேரத் தூக்கத்தில் செய்த வேலையில் எத்தனை பகுதியை மறுபடி செய்ய வேண்டி வந்தது என்று மட்டும் ஒரு பகல்பொழுதில் கணக்குப் பாருங்கள். அந்த இரண்டாவது வேலை உண்மையில் எவ்வளவு சம்பாதித்துத் தருகிறது என்பது அப்போது தெரியும்.

டாக்டரிடம் போகும்போது மிச்சமிருக்கும் அட்டையையும் எடுத்துப் போங்கள். மாத்திரையின் அளவைத் தப்பாகச் சொல்ல வேண்டி வராது. அங்கேயே கொடுத்துவிட்டு வந்தால் ராத்திரி மூன்று மணிக்கு அது வீட்டிலும் இருக்காது.