ஆற்று நீச்சல் பழகியவர் பவளப்பாறையில் இறங்கலாமா?

கேள்வி: திருவையாற்றுக்காரன் நான். காவிரியில் நீச்சல் பழகியவன். கல்லூரியில் படிக்கும் மகளோடு அந்தமான் போகிறேன். ஸ்கூபா, அதாவது காற்று உருளையை முதுகில் கட்டிக் கடலுக்கடியில் இறங்க, ஆற்று நீச்சல் போதுமா?

பதில்: தாராளமாகப் போதும். முதல்முறை இறங்குபவர்களைப் பயிற்சியாளர் கூடவே பிடித்து அழைத்துப்போவார், அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம்தான். ஆனால் ஆற்றில் கைகொடுத்த இரண்டு பழக்கங்கள் அங்கே ஆகாது.

ஒன்று, மூச்சை அடக்கி முங்குவது. 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சில் நிரப்பிய காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். அடக்கிக்கொண்டே எழும்பினால் நுரையீரல் கிழியலாம். அதனால் மூச்சை நிறுத்தாமல், நிதானமாக விட்டு இழுங்கள்.

மற்றது, களைத்தால் கால் ஊன்றுவது. இதைத்தான் மகளிடமும் அழுத்திச் சொல்லுங்கள். பாறை என்று தெரிவதன் மேல்தோல் முழுக்க உயிருள்ள பவளப்பூச்சிகள், பவளத்தைக் கட்டும் சின்னஞ்சிறு கடல் உயிர்கள். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்; ஒரு மிதியில் உடைவது பல வருட வளர்ச்சி. பக்கத்து மணலில் காலை உதைப்பதும் கெடுதல்தான். பவளப்பூச்சியின் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தில்தான் அதற்குச் சாப்பாடு தயாரிக்கிறது. கலங்கல் அந்த வெளிச்சத்தை மறைக்கும். பூம்புகார், நாகை பக்கம் பவளத்திட்டுகள் இல்லாததற்கு ஆறு கொண்டுவரும் வண்டலும் ஒரு காரணம். களைப்பாக இருந்தால் பயிற்சியாளருக்குக் கை காட்டுங்கள், அவர் மேலே கொண்டுவருவார்.

காது வலிக்கத் தொடங்கும் முன்பே மூக்கைப் பொத்தி மெல்ல ஊதுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இறங்கிய மறுநாள் காலை விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். நடுவே ஒரு நாள் முழுதாக விடுங்கள்.

சரி, எங்கே இறங்குவது? ஸ்கூபாவுக்கு ஹேவ்லாக், இப்போதைய பெயர் சுவராஜ் தீவு. படகு நங்கூரம் போடுமா, மிதவையில் கட்டுமா என்று முதலில் கேளுங்கள். மிதவையில் கட்டுபவரையே தேர்ந்தெடுங்கள், நங்கூரம் பவளத்தை நொறுக்கிவிடும். வண்டூர் கடல் தேசியப் பூங்காவையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஜாலிபாய், ரெட்ஸ்கின் தீவுகளை மாறிமாறித்தான் திறப்பார்கள். அனுமதிச்சீட்டு வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத்துண்டைக்கூட எடுத்து வராதீர்கள், வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.