அடி கொல்லும் எம்டனும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளி விளையாட்டு விழாவில் பேரன் ஓடும்போது, 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!' என்று மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டார். பிள்ளைகள் முன்னால் 'கொல்லு' என்கிறாரே என்று எனக்குச் சங்கடம். வீட்டில் அவனை 'எம்டன்' என்றுதான் கூப்பிடுகிறார். இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

தயவுசெய்து அப்பாவைத் தடுக்காதீர்கள். அது அவருடைய ரெஜிமென்டின் போர் முழக்கம். 1758-இல் தோன்றிய படை அது. இன்று அதன் மையம் நீலகிரி வெலிங்டனில். தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். 'கொல்லு' தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் புரியும். தெலுங்குக்காரரும் பயிற்சியிலேயே பழகிவிடுவார். காசிமேட்டில் வலை இழுப்பவர்கள் 'ஏலேலோ' போடும்போது பத்துப் பேர் மூச்சும் ஒன்றாகிவிடுகிறது அல்லவா, அதே வேலைதான் இங்கேயும். குண்டு பறக்கும் மேட்டில் ஏறுகிறவனுக்குப் பக்கத்து ஆளின் குரல் காதில் விழவேண்டும். எதிரி மீதுள்ள வெறுப்பைவிட, கூட இருப்பவனை விடாத பிடிப்புதான் அதில் அதிகம் என்று நான் நம்புகிறேன். பேரனுக்கு மூச்சு வாங்கியபோது உங்கள் அப்பாவுக்கு அதுதான் வாயில் வந்திருக்கிறது.

எம்டன் நம்ம ஊர்க் கதை. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. பீதியில் ஜனங்கள் ஊரைவிட்டே ஓடினார்கள். கப்பல் நழுவிவிட்டது. மூன்று புகைபோக்கி கொண்ட அது, நான்காவதாகப் போலி ஒன்றை நிறுத்தி பிரிட்டிஷ் கப்பல்போல வேஷம் போட்டதும் உண்டு. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதன் கதையை முடித்தது. ஆனால் 'அவன் சரியான எம்டன்பா' என்றால் இன்றும் யாரிடமும் சிக்காத கில்லாடி என்று அர்த்தம். அடி வாங்கிய ஊரே அடித்தவன் பெயரைப் பாராட்டாக்கிக்கொண்டது எனக்குத் தீராத வியப்பு. உயர் நீதிமன்ற மதில் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. பேரனுக்குக் காட்டுங்கள்.

அப்புறம், அப்பாவிடம் 'லங்கர்', 'பிட்டூ' பற்றிக் கேளுங்கள். பட்டாளத்துச் சமையல்கூடமும் முதுகுச் சுமையும் அவை. கதைகள் வரும், எழுதி எனக்கும் அனுப்புங்கள்.