ஜூன்ல கிராண்ட் கேன்யன்: ஆறு வரைக்கும் இறங்கி ஒரே நாள்ல ஏறிடலாமா?

கேள்வி இதான்: ஜூன் கடைசில ஃபீனிக்ஸ்ல இருக்கற தங்கச்சி வீட்டுக்கு வர்றீங்க, அங்கேர்ந்து ரெண்டு நாள் கிராண்ட் கேன்யன் தெற்கு ரிம் (பள்ளத்தாக்கோட மேல் விளிம்பு), கூட 64 வயசு அம்மா, 11 வயசு பையன். தினமும் ஓடற ஆளு நீங்க, அதனால பையனையும் கூட்டிட்டு காலைல இறங்கி கொலராடோ ஆத்துல கால் நனைச்சிட்டு சாயங்காலத்துக்குள்ள மேல வந்துடலாமான்னு கேட்டிருக்கீங்க.

வேணாங்க. நேஷனல் பார்க் சர்வீஸே ஒரே நாள்ல ஆறு வரைக்கும் போய்ட்டு வராதீங்கன்னு சொல்றாங்க, கோடைல ரொம்ப அழுத்தமாவே சொல்றாங்க. தூரம்னு பாத்தா சவுத் கைபாப்ங்கற பாதை வழியா இறக்கம் சுமார் 11 கிலோமீட்டர், பிரைட் ஏஞ்சல்ங்கற பாதை வழியா ஏத்தம் சுமார் 16, ஓடறவருக்கு இது பெரிய விஷயமா தெரியாது. ஆனா மலைன்னா முடியலன்னா பாதில இறங்கிடலாம், இங்க கஷ்டமான பாதி கடைசிலதான் வருது, அதுவும் 1300 மீட்டருக்கு மேல ஏத்தம், மத்தியான வெயில்ல. ரிம்ல காலைல குளுகுளுன்னு இருக்கும், ஸ்வெட்டர் கூட கேக்கும், அதை நம்பி இறங்குவீங்க, கீழ ஆத்துகிட்ட ஜூன்ல 40 டிகிரிய சர்வசாதாரணமா தாண்டும், பாறையும் சூடாகி அனலைத் திருப்பி அடிக்கும். ஃபிட்டா இருக்கற ஆளுங்கதான் இதுல நிறைய மாட்றாங்க, ஏன்னா இறங்கும்போது உடம்பு எதுவுமே சொல்லாது.

அதனால எந்த இடம் வரைக்கும் போறதுன்னு பிளான் பண்ணாதீங்க, எத்தனை மணிக்குத் திரும்பறதுன்னு பிளான் பண்ணுங்க. உங்களுக்கு நான் சொல்றது சவுத் கைபாப். அந்தப் பாதை ஆரம்பிக்கற இடத்துக்கு சொந்தக் கார் விடமாட்டாங்க, அதிகாலைல ஷட்டில் பஸ் இருக்கு, டைமிங் மாசத்துக்கு மாசம் மாறும், முந்தின நாளே விசாரிச்சு வச்சுக்குங்க. முதல் பஸ்ஸைப் பிடிங்க. 1.4 கிலோமீட்டர்ல ஊ-ஆ பாயின்ட், அங்கதான் கேன்யன் சட்டுன்னு திறக்கும், 2.4 கிலோமீட்டர்ல சீடர் ரிட்ஜ், டாய்லெட் உண்டு, தண்ணி கிடையாது. இந்தப் பாதை முழுக்கவே ஒரு குழாய் கூட கிடையாது, நிழலும் பெருசா இல்ல. 6 மணிக்கு எங்க நிக்கறீங்களோ அங்கேர்ந்து திரும்பிடுங்க, சீடர் ரிட்ஜ் வரலன்னாலும் சரி. இறங்கின நேரத்தைப் போல ரெண்டு மடங்கு ஏற ஆகும்னு கணக்கு வச்சா 10 மணிக்கு முன்னாடி வசதியா மேல வந்துடலாம். 10லேர்ந்து 4 வரைக்கும் கோடைல கேன்யனுக்குள்ள நடக்கவே கூடாது.

பாதையில குறுக்கால மரக்கட்டை பதிச்ச படி மாதிரி இருக்கும், கோவேறு கழுதைங்க நடந்து நடந்து படிக்கு நடுவுல மண்ணு குழிஞ்சு போயிருக்கும், இறங்கறப்போ முட்டி வலிக்கறது அங்கதான். கழுதை வரிசை வந்தா பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீங்க, மலைப்பக்கமா ஒட்டி நில்லுங்க, ஓட்டறவர் சொல்றதைக் கேளுங்க.

தண்ணி பத்தி ஒண்ணு. எல்லாரும் நிறைய குடிங்கன்னுதான் சொல்வாங்க, சாப்பிடாம வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் இறங்கிடும், தலைவலி, குமட்டல், அப்புறம் குழப்பமா பேச ஆரம்பிப்பாங்க, பாக்க வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும், அதை நெனச்சு இன்னும் தண்ணி குடுத்தா ஆபத்து. அதனால முறுக்கு, உப்புக்கடலை, சிப்ஸ்னு தாராளமா எடுத்துட்டுப் போங்க, பையன் பசிக்கலன்னு சொன்னாலும் அரைமணிக்கு ஒருதடவை கொஞ்சம் வாயில போடச் சொல்லுங்க. மத்த மலையில காட்டன் சட்டை வேணாம்பாங்க, இங்க கோடைல தண்ணில நனைச்சு போட்டுக்கறதுக்கு காட்டன்தான் பெஸ்ட்.

பிரைட் ஏஞ்சல்ல கோடைல ரெஸ்ட் ஹவுஸ்ல குழாய்த்தண்ணி உண்டு, ஆனா பைப்லைன் 1960கள்ல போட்டது, அடிக்கடி உடையும், அன்னிக்குக் காலைல கேட்டுட்டு இறங்குங்க. அதுல 7.2 கிலோமீட்டர்ல வர்ற ஹவாசுபாய் கார்டன்ஸுக்கு 2022 வரைக்கும் வேற பேரு, அங்க விவசாயம் பண்ணிட்டிருந்த ஹவாசுபாய் பழங்குடி மக்களை பார்க்குக்காக வெளியேத்தினாங்க, கடைசி ஆளை அனுப்பினது 1928ல. உங்க டிரிப்ல அதுவரைக்கும் போக வேணாம்.

அம்மாவுக்கு ரிம்லயே டிரெயில் ஆஃப் டைம் இருக்கு, சமமான தார்ப்பாதை, முட்டிக்குக் கவலையில்ல. ஒரு மீட்டர்னா 10 லட்சம் வருஷம்னு குறிச்சிருப்பாங்க, கேன்யனோட ஆகப் பழைய பாறை 184 கோடி வருஷம், அதைத் தொட 1840 மீட்டர் நடக்கணும். நிஜமாவே கீழேர்ந்து எடுத்துட்டு வந்த கல்லுங்க, தொட்டுப் பாக்கலாம். நடுவுல போதும்னு தோணினா ஷட்டில் ஸ்டாப்புக்கு வந்துடலாம், சாயங்காலம் பையனும் கூட வரட்டும்.

ஆத்துல கால் நனைச்சே ஆகணும்னா அக்டோபர் மாதிரி மாசத்துல, ராத்திரி கீழ தங்கற மாதிரி வாங்க. பகல்ல இறங்க பெர்மிட் வேணாம், டென்ட் போட்டுத் தங்க கட்டாயம் வேணும், கீழ இருக்கற ஃபான்டம் ராஞ்ச் லாட்ஜ்ல ரூம்னா லாட்டரி, ஒரு வருஷத்துக்கும் மேல முன்னாடியே போடணும்.

அப்புறம் அந்த முறுக்கு, அணிலுங்க கிட்ட வந்து நிக்கும், பையன் குடுக்கப் பாப்பான். குடுக்க விடாதீங்க, சட்டப்படி தப்பு, நல்லாவே கடிக்கும்.